ஹாஃப் ஃபிரேமில் வேற்று லென்ஸ்: கண்ணாடிக்கு முன்னால் வளையத்தைப் பாருங்கள்

வழக்கமான 35 மி.மீ. படத்தின் பாதி அளவில் படம் எடுக்கும் ஹாஃப் ஃபிரேம் ஃபிலிம் கேமராவான ஒலிம்பஸ் பென் எஃப் கைக்கு வந்த அடுத்த வாரமே எழுகிற கேள்வி ஒன்று உண்டு. பீரோவில் சும்மா கிடக்கும், சோவியத் காலத்து ஜெனிட் கேமராவின் லென்ஸை இதில் மாட்ட முடியுமா? முடியும். ஆனால் மாட்டிய பிறகு அது நாள் முழுக்கக் கைக்குப் பழகுமா என்பதை லென்ஸின் கண்ணாடி தீர்மானிப்பதில்லை. அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையமும், கேமராவிலிருந்து கழற்றிய நிலையில் அந்தத் துளையை மூடும் பிளேடுகள் எப்படி நிற்கின்றன என்பதும்தான் தீர்மானிக்கின்றன. கூர்மை, பொக்கே (பின்னணி மங்கல்) என்று லென்ஸ் தேடுபவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எந்தக் கேமராவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1959இல் வந்த முதல் பென், பிறகு வந்த பென் இஇ வரிசை, கேனனின் முதல் டெமி, 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 எல்லாமே லென்ஸ் கழற்ற முடியாதவை. லென்ஸ் மாற்றக்கூடிய ஹாஃப் ஃபிரேம் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) என்றால் நடைமுறையில் மூன்று: 1963இன் பென் எஃப், 1966இன் பென் எஃப்டி, 1967இன் பென் எஃப்வி. மூன்றுக்கும் ஒரே மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாய். எஃப்டியில் மட்டும் உள்ளேயே லைட் மீட்டர் உண்டு. அந்த மீட்டருக்கு ஒளி பிரித்துக் கொடுக்கும் அரைக்கண்ணாடியால் அதன் வ்யூஃபைண்டர் மற்ற இரண்டையும்விட மங்கல். கோனிகா ஆட்டோரெஃப்ளெக்ஸில் முழு ஃபிரேம், அரை ஃபிரேம் இரண்டும் எடுக்கலாம். ஆனால் அதன் மவுண்ட் வேறு, கணக்கும் வேறு.

பென் எஃப் மவுண்டிலிருந்து ஃபிலிம் தளம் வரை 28.95 மி.மீ. இந்த ஒரு எண் மனப்பாடமாக இருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ஜெனிட்டிலும் இருக்கும் எம்42 திருகு மவுண்ட் லென்ஸுக்கு அந்தத் தூரம் 45.46 மி.மீ. அதில் 28.95ஐக் கழித்தால் 16.51. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டும் அடாப்டரின் தடிமன் அவ்வளவு இருக்க வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5, ஆகவே 17.55. ஒலிம்பஸ் ஓஎம் லென்ஸுக்கு 46, ஆகவே 17.05. கேனனின் பழைய எஃப்.டி. மவுண்டுக்கு 42, ஆகவே 13.05. (பென் எஃப்டியும் கேனன் எஃப்.டி.யும் பெயரில்தான் உறவு. விற்பனைப் பட்டியலில் இரண்டும் குழம்பிக் கிடக்கும், பார்த்து வாங்குங்கள்.)

லைக்காவின் பழைய திருகு மவுண்டுக்கு 28.8 மி.மீ. அங்கே கழித்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. அடாப்டர் என்று எதை வைத்தாலும் தூரத்து மலை தெளிவாக வராது. சிசிடிவி, சினிமா கேமராக்களின் சி மவுண்ட் லென்ஸ்களும் அப்படித்தான், அவற்றுக்கு 17.5 மி.மீ. சுமார். லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம்.

கோணம் பற்றி ஒரு வார்த்தை. ஃபிரேம் 18 × 24 மி.மீ., மூலைவிட்டம் 30 மி.மீ. முழு ஃபிரேமின் மூலைவிட்டத்தோடு ஒப்பிட்டால் 1.44 மடங்கு. 35 மி.மீ. லென்ஸ் 50 போலவும், 50 மி.மீ. லென்ஸ் 72 போலவும் பார்க்கும். கேமராவை நேராகப் பிடித்தாலே படம் நெடுக்கில் விழுகிறது. அபர்ச்சர் அளவைச் சொல்லும் எஃப் எண் சிறிதானால் துளை பெரிது; எஃப் 2 என்பது வெளிச்சக் கணக்கில் எஃப் 2தான், அதற்கு எந்தப் பெருக்கலும் வேண்டாம். அதைக் குழப்பிக்கொண்டு ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் இரு மடங்கு) கூட்டி வைத்துப் படத்தை வெளுக்க விடுபவர்கள் உண்டு.

இனி வளையத்துக்கு வருவோம்.

பென்னின் சொந்த லென்ஸில் ஃபோகஸ் பார்க்கும்போது பிளேடு திறந்தே இருக்கும், பட்டனை அழுத்தும் கணத்தில் மட்டும் கேமரா அதை மூடித் திறக்கும். அடாப்டர் மாட்டினால் அந்த இணைப்பு போய்விடும். வளையத்தை எஃப் 8க்குத் திருப்பினால் பிளேடு அப்போதே எஃப் 8க்கு மூடிவிட வேண்டும். எல்லா லென்ஸும் அதைச் செய்யாது.

கையில் எடுத்துப் பாருங்கள். கேமராவில் மாட்டாமல், வளையத்தை முழுக்கத் திறந்த நிலையிலிருந்து 16 வரை திருப்புங்கள். பிளேடு வளையத்தோடு கூடவே மூடினால் அந்த லென்ஸ் சாதாரண அடாப்டரில் வேலை செய்யும். நிக்கான் மவுண்ட் லென்ஸ்கள், வளையம் உள்ளவை, இந்த வகை. நிக்கான் கேமராவில் உள்ள நெம்புகோல்தான் பிளேடைத் திறந்து பிடிக்கிறது, கழற்றினால் தானே மூடிக்கொள்கிறது. எஃப்எம்2, எஃப்எம்10 வைத்திருந்த பழைய ஸ்டுடியோக்களிலிருந்து வெளிவரும் 50 மி.மீ. எஃப் 1.8 இதற்கு அருமையான தேர்வு. எங்களைக் கேட்டால் முதல் அடாப்டராக நிக்கானுக்கு உரியதையே வாங்கச் சொல்வோம்.

எம்42 லென்ஸில் கதை இரண்டாகப் பிரிகிறது. ஜெனிட்டோடு வந்த ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, ப்ரீசெட் வகை. அதில் இரண்டு வளையம். ஒன்றைத் திருப்பி எஃப் 8 என்று வரம்பு வைத்துவிடலாம். இன்னொன்று வழுவழுவென்று ஓடும், திறந்த நிலைக்கும் அந்த வரம்புக்கும் இடையில். முழுக்கத் திறந்து ஃபோகஸ் பாருங்கள், பிறகு கண்ணை எடுக்காமலே மறுபக்கம் முட்டும் வரை திருப்புங்கள், பட்டனை அழுத்துங்கள். எண் எண்ண வேண்டாம், கிளிக் கேட்க வேண்டாம். அறுபது வருடத்துக்கு முன் பழசென்று ஒதுக்கிய இந்த ஏற்பாடுதான் அடாப்டரில் எல்லாவற்றையும்விட வேகமாகக் கைகொடுக்கிறது.

ஆட்டோ வகை எம்42 லென்ஸின் பின்புறம் ஒரு சின்ன ஊசி துருத்திக்கொண்டிருக்கும். அந்த ஊசியைக் கேமரா உள்ளே தள்ளினால்தான் பிளேடு மூடும். லென்ஸ் உடம்பில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் மேனுவலுக்குத் தள்ளிவிட்டால் போதும். சூப்பர் டாகுமாரில் அது உண்டு. ஹீலியோஸ் 44எம்மில் உண்டு. அதற்குப் பிறகு வந்த 44எம்-4 முதலானவற்றில் இல்லை. சுவிட்ச் இல்லாத லென்ஸைச் சாதாரண அடாப்டரில் மாட்டினால் வளையம் எவ்வளவு சுற்றினாலும் பிளேடு திறந்தபடியே கிடக்கும். படம் எல்லாம் எஃப் 2இல் விழும். சேலம் மத்தியான வெயிலில் நெகடிவ் கருங்கட்டியாக வரும். குறை ஷட்டரில் என்று நினைத்து ஷட்டரைக் கழற்றக் கொடுப்பது வீண்செலவு.

இதற்கு உள்விளிம்பு உள்ள அடாப்டர் வாங்கலாம். அந்த விளிம்பு ஊசியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். லென்ஸைத் திருகியதும் வளையம் இறுகிவிட்டதென்றால் ஊசி அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள், ஊசியோடு சேர்ந்த சிறு நெம்பு வளைந்துவிடும். விளிம்பைக் கால் மில்லிமீட்டர் அரம் வைத்துக் குறைத்தால் சரியாகும். ஊசியை உள்ளே அழுத்தி ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடலாம் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். அந்தப் பசையின் ஆவி பின்கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். செய்யாதீர்கள்.

கேனன் எஃப்.டி. லென்ஸுக்கு அடாப்டரிலேயே பூட்டு வளையமும் ஊசியும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வளையம் வெறும் அலங்காரம். வளையமே இல்லாத நிக்கான் ஜி லென்ஸ் கழற்றிய நிலையில் கடைசி அபர்ச்சருக்கு மூடிக்கிடக்கும். அதற்கு அடாப்டரிலேயே ஒரு வளையம் வைத்து விற்கிறார்கள். அதில் எஃப் எண் இருக்காது, வெறும் புள்ளிகள் இருக்கும், அவை ஸ்டாப் கணக்கும் ஆகாது. நெம்புகோல் நகரும் மொத்தத் தூரமே சில மில்லிமீட்டர் என்பதால் மயிரிழை திரும்பினாலும் ஒரு ஸ்டாப் மாறிவிடும்.

அந்த வளையத்துக்கு நாமே எண் போடலாம், பென் எஃப்டி கையில் இருந்தால். எஃப்டியின் மீட்டர் முள் எஃப் எண்ணைக் காட்டாது, 0 முதல் 7 வரை ஒரு எண்ணைக் காட்டும். பென் லென்ஸ்களின் வளையத்தில் ஒரு பக்கம் எஃப் எண்ணும், மறுபக்கம் இந்த எண்ணும் பொறித்திருக்கும். வளையத்தைச் சற்று இழுத்து அரைச்சுற்று திருப்பினால் எந்த வரிசை வேண்டுமோ அது மேலே வரும். முள் 3 காட்டினால் வளையத்தில் 3 வை, அவ்வளவுதான். மீட்டர் திறந்த பிளேடில் அளக்கிறது. எனவே 3 என்பதன் உண்மையான பொருள், இந்த லென்ஸ் முழுக்கத் திறந்த நிலையிலிருந்து 3 ஸ்டாப் மூடு. இதைப் புரிந்துகொண்டால் எந்த வேற்று லென்ஸிலும் இந்த மீட்டர் உங்களுக்கு உழைக்கும். ஹீலியோஸில் 0 என்றால் எஃப் 2, 1 என்றால் 2.8, 2 என்றால் 4, 3 என்றால் 5.6, 4 என்றால் 8. ஒரு துண்டு டேப்பில் எழுதி வளையத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். எஃப் 1.8 லென்ஸையும் 2 என்றே வைத்துக்கொள்ளலாம், அந்த மூன்றில் ஒரு ஸ்டாப் வித்தியாசத்தை நெகடிவ் ஃபிலிம் தாங்கும். இன்னொரு வழி: வளையத்தை மூடிக்கொண்டே போய், முள் 0 காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். விடை ஒன்றுதான்.

வளையத்துக்கு எண் போட வேண்டுமானால், ஒரே சீராக வெளிச்சம் விழும் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முழுக்கத் திறந்த நிலையில் முள் 5இல் நிற்கும்படி ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது அடாப்டர் வளையத்தை மெதுவாக மூடுங்கள். முள் 4க்கு இறங்கும் இடத்தில் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. 3க்கு ஒரு கோடு. 2க்கு ஒரு கோடு. எப்போதும் திறந்த பக்கத்திலிருந்து மூடும் திசையிலேயே போங்கள், திரும்பி வந்தால் வளையத்தின் தளர்வு அரை ஸ்டாப் தின்றுவிடும். ஐபீஸை ஒட்டிக் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலிருந்து நுழையும் வெளிச்சமும் முள்ளை ஏமாற்றும்.

மீட்டர் இல்லாத பென் எஃப் என்றால் வெர்னியர் காலிப்பர். லென்ஸின் முன்பக்கமிருந்து தெரியும் துளையின் விட்டம்தான் கணக்கு. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 4க்கு 12.5 மி.மீ., எஃப் 5.6க்கு 8.9, எஃப் 8க்கு 6.25. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக் கம்பி அளக்கும் காலிப்பரே இதற்குத் தாராளம். கிட்ட நின்று பார்த்தால் அளவு பிசகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, லென்ஸ் வாயில் ஸ்கேலை வைத்து, ஃபோனில் ஸூம் செய்து படம் எடுத்து அளப்பது மேல்.

எஃப்டியின் மீட்டருக்கு மூலத்தில் இருந்தது 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி. இப்போது அது வருவதில்லை. அதே உருவத்தில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டால் முள் பொய் சொல்லும், பேட்டரி இறங்க இறங்கப் பொய்யும் மாறும். காதுக் கருவிக்குப் போடும் 675 எண் ஸிங்க் ஏர் செல் 1.4 வோல்ட், கடைசி வரை பெரிதாக இறங்காது. காதுக் கருவிக் கடைகளிலும் சில மருந்துக்கடைகளிலும் கிடைக்கும். அதன் விட்டம் 11.6 மி.மீ., பேட்டரி அறை 15.6க்கு ஆனது. ஆகவே சுற்றிலும் ஒரு ரப்பர் ஓ-ரிங். ஸ்டிக்கரைப் பிரித்த பிறகு சில வாரம்தான் ஆயுள், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

அடாப்டரின் தடிமன் விஷயத்தில் யாரையும் நம்ப வேண்டாம். மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக வரவில்லை என்றால் லென்ஸ் சாய்ந்து உட்காரும், படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். 0.1 மி.மீ. கூடுதலாக இருந்தால் 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. 28 மி.மீ. லென்ஸ் என்றால் எட்டு மீட்டரிலேயே நின்றுவிடும். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தை எடுக்கப் போனவருக்கு ஊர் முழுக்கப் புகையாகக் கிடைப்பது இப்படித்தான். 0.1 குறைவாக இருந்தால் அவ்வளவு ஆபத்தில்லை. வளையம் 25 மீட்டரைக் காட்டும் இடத்தில் மலை தெளியும், தூர எண்களை நம்ப முடியாது, அவ்வளவே. எனவே கொஞ்சம் மெலிந்த அடாப்டரே நல்லது. மெலிந்ததைத் தகடு வைத்துத் தூக்கலாம்.

இந்தப் பிழையை அபர்ச்சர் மறைப்பதும் உண்டு. தடிமன் பிழையை எஃப் எண்ணால் வகுத்தால் ஃபிலிமில் விழும் மங்கல் வட்டம் கிடைக்கும். 0.1 மி.மீ. பிழை எஃப் 2இல் 0.05 மி.மீ. வட்டம், கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும். எஃப் 8இல் 0.0125, ஹாஃப் ஃபிரேமுக்கு வைத்துக்கொள்ளும் 0.02க்குள் அடங்கிவிடும். வெயிலில் எடுத்த முதல் ரோல் கூர்மையாக வந்து, சாயங்காலம் எடுத்த இரண்டாவது ரோல் கைவிட்டால் சந்தேகம் அடாப்டர் மேல் போகட்டும்.

சோதிக்க ஃபிலிம் செலவழிக்க வேண்டாம். பின்கதவைத் திறந்து, உள்பக்கத் தண்டவாளங்கள் இரண்டின் மேல் மங்கல் செல்லோ டேப்பை இழுத்து ஒட்டுங்கள். வெளித் தண்டவாளத்தில் ஒட்டினால் அளவே தப்பாகிவிடும். ஷட்டரை பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்து கேபிள் ரிலீஸால் பூட்டுங்கள். பிளேடு முழுக்கத் திறந்திருக்கட்டும். இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய் சேர்வராயன் மலைமேல் தெரியும் ஏற்காட்டு விளக்கு ஒன்றைக் குறிவையுங்கள். நகைக்கடை லூப், 10 மடங்கு, டேப்பை ஒட்டி வைத்துப் பாருங்கள். வளையம் இன்ஃபினிட்டியில் முட்டும்போது அந்த விளக்கு ஊசிமுனையாகக் குவிந்தால் அடாப்டர் சரி. முட்டிய பிறகும் சிறு தட்டாகவே இருந்தால் தடிமன் கூடுதல். முட்டுவதற்கு முன்பே குவிந்து மறுபடி விரிந்தால் குறைவு. பிறகு ஷட்டரை மூடிவிட்டு அதே விளக்கை வ்யூஃபைண்டரில் பாருங்கள். டேப்பில் சரியாகவும் வ்யூஃபைண்டரில் மங்கலாகவும் இருந்தால் கோளாறு கேமராவின் ஸ்கிரீனிலோ கண்ணாடியிலோ இருக்கிறது. அடாப்டரைக் குறை சொல்லாதீர்கள்.

உள்ளூர் லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து வாங்கவும் வழி இருக்கிறது. பென் மவுண்டின் கொக்கிப் பக்கத்தைக் கடைவது கஷ்டம். செத்துப்போன ஒரு பென் லென்ஸின் பின்வளையத்தைக் கழற்றிக் கொடுத்து, முன்பக்கம் மட்டும் அலுமினியத்தில் கடையச் சொல்லுங்கள். மரை 42 × 1 என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். டெலஸ்கோப்புகளின் டி மவுண்டும் 42தான், அதன் மரை 0.75. இரண்டு சுற்று ஏறி இறுகும், அதற்கு மேல் முறுக்கினால் லென்ஸின் மரை போய்விடும். தடிமனை 16.45க்குக் கடையச் சொல்லி, மிச்சத்தை 0.05 பித்தளை ஷிம்மால் (மெல்லிய தகடு) ஈடுகட்டுவது நல்லது. லென்ஸ் திருகி முடிந்ததும் எண்கோடு பக்கவாட்டில் போய் நின்றால், கடைகளில் விற்கும் அடாப்டரில் மூன்று பொடித் திருகு இருக்கும். தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பி இறுக்கலாம். கடைந்ததில் அந்த வசதி இல்லை. கோட்டை நாமே பெயிண்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடாப்டரின் உட்புறம் பளபளப்பாக இருந்தால் அதுவும் படத்தைக் கெடுக்கும். முழு ஃபிரேமுக்கான லென்ஸ் தேவைக்கு மேல் பெரிய ஒளிவட்டத்தை உள்ளே கொட்டுகிறது. 18 × 24க்கு வெளியே விழுந்தது குழாய்ச் சுவரில் பட்டுத் திரும்பி ஃபிலிமை வெளிறச் செய்யும். ஏற்காட்டில் மூட்டம் இறங்கி வானம் முழுக்க வெள்ளையாக இருக்கும் நாளில் இது நன்றாகவே தெரியும், கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். கரும்பலகை பெயிண்ட் ஒரு பூச்சு அல்லது கறுப்பு வெல்வெட் காகிதம். கூடவே லென்ஸின் முன்னால் பக்க வெளிச்சத்தை மறைக்கும் ஆழமான ஹுட்.

வெளிச்சக் கணக்கு மலைக்கும் ஊருக்கும் ஒன்றில்லை. பென் எஃப்பின் உச்ச வேகம் 1/500. 400 ஃபிலிம் போட்டு சேலம் உச்சிவெயிலில் நின்றால் எஃப் 16, 1/500 என்று கடைசிப் படிக்கட்டில் நிற்பீர்கள். பழைய லென்ஸின் அழகே திறந்த அபர்ச்சரில்தான் என்றால் கீழே 100 ஃபிலிம் போடுங்கள், எஃப் 8, 1/500 கிடைக்கும். மேலே காபித் தோட்டத்தில், சில்வர் ஓக் நிழலும் பனிமூட்டமும் சேர்ந்த காலையில், 400 ஃபிலிமே எஃப் 4, 1/125க்கு இறங்கிவிடும். மூட்டம் வெள்ளை என்பதால் மீட்டர் ஏமாந்து குறைத்துக் காட்டும். ஒரு ஸ்டாப் கூட்டித் திறங்கள். மூடிய பிளேடில் எஃப் 8க்கு மேல் போனால் எஃப்டியின் வ்யூஃபைண்டர் கிட்டத்தட்ட இருட்டு. ஆகவே எப்போதும் திறந்து ஃபோகஸ் செய்து, கிளிக் எண்ணி மூடும் பழக்கம் வர வேண்டும். உங்கள் லென்ஸில் முழு ஸ்டாப்புக்கு ஒரு கிளிக்கா, அரை ஸ்டாப்புக்கும் கிளிக்கா என்று வீட்டிலேயே எண்ணிப் பழகுங்கள். இண்டஸ்டார் 50-2இல் கிளிக்கே கிடையாது, பை உரசினாலே எண் நகர்ந்துவிடும். நகரும் வளையத்துக்கு மெல்லிய ரப்பர் பேண்ட் ஒன்று போதும்.

சேலத்துச் சூட்டில் லென்ஸின் ஃபோகஸ் மரையிலுள்ள கிரீஸ் பிரிந்து, எண்ணெய் கசிந்து பிளேடுக்கு வருவது சகஜம். எண்ணெய் ஏறிய பிளேடு மெதுவாக மூடும், ஆட்டோ கேமராவில் அது பெரிய குறை, படம் படமாக வெளுக்கும். அடாப்டரில் பிளேடைக் கைதான் மூடுகிறது, அதற்கு வேகம் தேவையே இல்லை. 'பிளேடு ஸ்லோ' என்று பாதி விலைக்கு விற்கும் லென்ஸை மேனுவல் சுவிட்ச் இருந்தால் துணிந்து வாங்கலாம். பிளேடு முழுக்க ஒட்டி நிற்பதை மட்டும் வாங்க வேண்டாம். எண்ணெய் வற்றி ஒட்டிய பிளேடை வளையத்தால் இழுத்தால் முளை கழன்றுவிடும்.

மலையில் ஒரு நாள் நனைந்த லென்ஸை அடாப்டரோடு மூடி பையில் வைத்து இறங்காதீர்கள். அடாப்டர் தடிமனில் பதினாறு மில்லிமீட்டர் காற்று உள்ளே அடைபட்டிருக்கிறது, ஈரத்தோடு. வீட்டுக்கு வந்ததும் கழற்றித் தனித்தனியாக ஆற விட்டு, பிறகு சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போடுங்கள். ரோலை லேபுக்குக் கூரியர் அனுப்பும்போது உறையின் மேல் ஹாஃப் ஃபிரேம், 72 படம், வெட்டாமல் சுருளாக அனுப்பவும் என்று பெரிதாக எழுதுங்கள். எழுதாவிட்டால் பழக்கதோஷத்தில் முழு ஃபிரேம் அளவு வைத்து வெட்டுவார்கள், கத்தி சில சமயம் படத்தின் நடுவிலேயே இறங்கும்.